எல்லாம் உண்மையான காரணங்கள்

என் நினைவில் அவர் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார். நான் படகின் முன்பக்கத்தில் நின்று, கையில் நோட்டோடு, கப்பலின் இரும்புச் சுவரை முறைத்துக்கொண்டிருப்பேன். பின்னால் எஞ்சின் சத்தம் மெல்ல அடங்கும். ஒரு முழம் முன்னாலும் போகாமல், ஒரு முழம் பின்னாலும் போகாமல் படகு அப்படியே நிற்கும். "பாரு தம்பி, நான் பிடிச்சுக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்வது. ஆடுகிற தண்ணீரில் ஒரு படகை ஆணியடித்த மாதிரி நிறுத்துவதற்கு எத்தனை கைவேலை வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அது தானாக நிற்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் ஆபீசுக்கு வாடகைக்கு ஓடிய லாஞ்சின் டிரைவர். திரேஸ்புரத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் 'லாஞ்ச் அண்ணன்' என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு ஆபீஸ் முழுக்க அதுவே அவர் பெயராகிவிட்டது. நான் உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மளிகைக் கடை. எனக்குக் கடலும் தெரியாது, கப்பலும் தெரியாது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு சர்வேயர் ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் நடத்திய ஆபீஸ் அது. அவரை நாங்கள் கேப்டன் சார் என்போம்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கப்பலில் எத்தனை டன் நிலக்கரி வந்திருக்கிறது என்று தராசில் போட்டு நிறுக்க முடியாது. சரக்கு இறக்குவதற்கு முன்னும் பின்னும் கப்பல் தண்ணீரில் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகக் கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்று இடத்திலும், இரண்டு புறமும், வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்க வேண்டும். கேட்பதற்கு ரொம்பச் சுலபம். ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறது? ஏறும், இறங்கும், நாம் எழுதப் போகும்போது இன்னொரு தரம் ஏறும். மேலே எதுவரை போகிறது, கீழே எதுவரை வருகிறது என்று பார்த்து நடுவைச் சொல்ல வேண்டும். கப்பல் அதிகாரி ஒருவரும் படகில் கூட வருவார். இருவரும் தனித்தனியாகப் பார்த்து அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும். கேப்டன் சார் வைத்த விதி அது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் பென்சிலில் எழுதுவேன். அதிகாரி தன் எண்ணைச் சொல்லும்வரை வாயைத் திறக்க மாட்டேன். அவர் வேறு எண் சொன்னால், என்னுடையதைச் சத்தமில்லாமல் ரப்பரால் அழித்துவிட்டு, "ஆமாம், எனக்கும் அதேதான்" என்பேன். இதற்கு நான் வைத்திருந்த பெயர் பக்குவம். அனுபவசாலியோடு எதற்கு வம்பு, ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஒரு சென்டிமீட்டரில் ஐம்பது டன் மாறும் கப்பல்கள் அவை.

கேப்டன் சாருக்கு என் மேல் நம்பிக்கை உண்டு. கணக்கில் நான் தவறவே மாட்டேன். "நீ சர்வேயர் பரீட்சை எழுதிடுப்பா, அப்புறம் நீயே கையெழுத்துப் போடலாம்" என்று மூன்று தடவை சென்னைக்கு அனுப்பப் பார்த்தார். மூன்று தடவையும் நான் போகவில்லை. முதல் தடவை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டாம் தடவை கடையில் சரக்கு வந்து இறங்கிய நேரம், அண்ணன் ஒற்றை ஆளாகத் திண்டாடினான். மூன்றாம் தடவை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பொய்க் காரணமாக இருந்தால் என்றைக்காவது மாட்டியிருப்பேன். என் கெட்ட காலம், எல்லாம் உண்மையான காரணங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது உண்மை. அக்கா ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தாள் என்பதும் உண்மைதான், அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் என்னைக் கூப்பிடவே இல்லை, நானாகப் போய் நின்றேன். ரயில் டிக்கெட்டை, இடம் தீர்ந்துபோன பிறகு நிதானமாகப் போய்க் கேட்டேன். மூன்று தடவையும் என் மனைவி சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் பையில் அடுக்கினாள். மூன்றாம் தடவை பையிலிருந்து எடுத்து அவளே மறுபடி பீரோவில் வைத்தாள். அதற்குப் பிறகு பரீட்சையைப் பற்றி அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட நான்தான் லாஞ்ச் அண்ணனுக்குப் புத்தி சொல்லக் கிளம்பினேன். அவரிடம் சின்ன லாஞ்ச் ஓட்டும் சீட்டுதான் இருந்தது. பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற டக் போட்டில் வேலைக்குப் போக வேண்டுமானால் படகுத் தலைவனுக்கான சிராங் லைசென்ஸ் வேண்டும். அதற்கு அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய கைத்திறனுக்கு அந்த லைசென்ஸ் எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருவேன், போட்டோ ஒட்டித் தருவேன், தேதியைச் சுவரில் எழுதி வைப்பேன். அவர் போக மாட்டார். ஒரு தடவை பரீட்சை அன்று காலை தம்பியோடு மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். இன்னொரு தடவை போனார், ஆனால் "அங்கன நில்லு" என்று ஒருமையில் சொன்ன வாட்ச்மேனோடு சண்டை போட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். மூன்றாம் தடவை, மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, வீட்டில் வேலை இருக்கிறது என்றார். புதுநன்மை அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு அவர் மனைவி, மைனி சொல்லித்தான் தெரிந்தது.

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் ஒரு கப்பலை முடித்துவிட்டு வந்து, படகைக் கட்டியதும் கட்டாததுமாகப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு ஃபார்ம் நிரப்பி நிரப்பி என் கை தேய்ஞ்சுபோச்சு. போக மனசில்லைன்னா சொல்லிர வேண்டியதுதான? வாட்ச்மேன், புதுநன்மைன்னு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?" என்று கத்தினேன். அவர் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார். கோபமே இல்லை முகத்தில்.

"அது கெடக்கட்டும். இன்னைக்கி ரெண்டாவது நம்பர எதுக்குலே அழிச்ச?" என்றார்.

"நான் எங்க அழிச்சேன்?"

"அழிக்கலியா? காத்து உன் பக்கமிருந்துல்லா அடிக்கி. ரப்பர் தூசி பூரா என் மூஞ்சியிலதான் வந்து விழுது. ஒம்பது வருசமா விழுது. எனக்கும் கண்ணு இருக்கு பாத்துக்கோ. நானும் அந்த மார்க்கப் பாக்கத்தான் செய்யேன். நீ எழுதுனதுதான் சரி. அவன் சொன்னது தப்பு. அழிச்சிட்டு ஆமா சாமி போடுத."

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட அவமானத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. ஆபீசில் ஏதோ சொல்லி வேறு லாஞ்ச் எடுத்துக்கொண்டேன். அந்த டிரைவருக்குப் படகை ஒரு இடத்தில் நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு கப்பலுக்கும் தலை முதல் கால்வரை நனைந்து வந்தேன். வீட்டில் மனைவியிடம் லாஞ்ச் அண்ணனைத் திட்டித் தீர்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அவர் சொன்னதுல எது பொய்னு சொல்லுங்க, நானும் சேர்ந்து திட்டுதேன்" என்றாள்.

அந்த மூன்று வாரத்தில்தான் கொஞ்சம் யோசித்தேன். பரீட்சை எழுதாதவரைக்கும் நான் 'எழுதினால் தேறிவிடக்கூடிய ஆள்'. கேப்டன் சார் அப்படித்தான் சொல்வார், ஊரில் என் அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்வான். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. எழுதித் தோற்றுவிட்டால் அந்தப் பேரும் போய்விடும், பிறகு நான் வெறும் உதவியாள்தான். ஆகவே அந்தப் பேரைக் காப்பாற்றுவதற்காக ஒன்பது வருடம் உதவியாளாகவே இருந்திருக்கிறேன். இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது என்று தெரிந்தது. தெரிந்ததும் எல்லாம் மாறிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற திருப்தியோடு வழக்கம்போல ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம் அது. கேப்டன் சார் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஒரு கப்பலை நானே தனியாகப் பார்த்து, அளவுத் தாளில் நானே கையெழுத்திட்டு வைக்க வேண்டும், அறிக்கையில் அவர் வந்து போட்டுக்கொள்வார் என்று உத்தரவு. மறுபடி லாஞ்ச் அண்ணனின் படகுதான். ஜெட்டிக்குப் போய்ப் பையைத் திறந்தால், ஹைட்ரோமீட்டர் இல்லை. தண்ணீரின் அடர்த்தியைப் பார்க்கிற கண்ணாடிக் குழாய் அது. அது இல்லாமல் கணக்கே போட முடியாது. மரப்பெட்டியோடு என் மேஜை மேல் கிடக்கிறது. ஒன்பது வருடத்தில் நான் அதை ஒருநாளும் மறந்ததில்லை. என் நெஞ்சுக்குள் அப்போது வந்தது பதற்றம் இல்லை, நிம்மதி. அப்பாடா என்றிருந்தது. "ஹைட்ரோமீட்டர் ஆபீஸ்ல கெடக்கு. கேப்டன் சாருக்குப் போன் போட்டு வேற ஆபீஸ்ல இருந்து ஆளைக் கூப்பிடச் சொல்லிருதேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயி எடுத்துட்டு வா. இருவது நிமிசம். கப்பல் எங்கயும் ஓடிராது" என்றார். நான் தயங்கினேன். "மறந்துட்டேன்னு சொல்லாதலே. நான் வாட்ச்மேன்ட்ட சண்ட போட்டேன்லா, அதே மாதிரிதான் இது."

எனக்குச் சுருக்கென்றது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த வேகத்தில், அவரை எப்படியாவது மடக்க வேண்டும் என்ற வீம்பில் சொன்னேன்: "இன்னைக்கு நான் என் நம்பரை முதல்ல, சத்தமாச் சொல்லுதேன். சொல்லிட்டா, அடுத்த மாசப் பரீட்சைக்கு நீங்க போகணும். போயி உள்ள உக்காரணும்." அவர் சிரிக்கவில்லை. "சரி" என்றார். ரப்பரை அவரிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கப்பல் அதிகாரி ஆறரை அடி ஆள், வெளிநாட்டுக்காரர், தொண்டை அதற்கேற்ற மாதிரி. பின்பக்க மார்க்குக்குக் கீழே போய் நின்றோம். காற்றில் தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. பார்த்தேன், எழுதினேன். அவர் வாயைத் திறக்கும் முன், "பதினோரு மீட்டர் இருபத்தாறு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவர் புருவத்தைத் தூக்கி, "இருபத்தொன்பது" என்றார். சரி, மறுபடி பார்ப்போம் என்றேன். அண்ணன் படகைக் கப்பலோடு ஒட்டினாற்போலக் கொண்டுவந்து பிடித்தார். பன்னிரண்டு தடவை தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்தோம்.

இருபத்தொன்பதுதான். நான் தவறாகப் படித்திருந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முதலாக வாய்விட்டுச் சொன்ன எண், தப்பு! "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்லி, இருபத்தாறை அடித்துவிட்டுப் பக்கத்தில் இருபத்தொன்பது எழுதினேன். அந்த ஆள் தலையாட்டினார், அடுத்த மார்க்குக்குப் போகலாம் என்று கை காட்டினார். அவ்வளவுதான். என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, கேலி செய்யவில்லை, நீயெல்லாம் ஒரு சர்வேயரா என்று கேட்கவில்லை. நடு மார்க்கில் அவர் படித்தது தப்பாக இருந்தது. நான் சொன்னேன், மறுபடி பார்த்துவிட்டு அவரும் அடித்து எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்து அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். "தப்பாச் சொன்னா என்ன ஆகும்னு பாத்தாச்சுல்லா?" என்றார் அண்ணன். "இதுக்காலே ஒம்பது வருசம்?" இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அடுத்த மாதம் அவர் முறை. பரீட்சை அன்று காலை எட்டு மணிக்கு அவரைக் கூட்டிப் போவதற்காகத் திரேஸ்புரத்து வீட்டுக்குப் போனேன். மைனி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஆறு மணிக்கே எந்திரிச்சுப் போயிட்டாவ தம்பி. பைக்கு நிக்கி. போனும் இங்கனதான் கெடக்கு" என்றார். எனக்குத் திக்கென்றது. வேறென்ன, கடலுக்குத்தான் போயிருப்பார். கரைக்கு ஓடினேன். படகு படகாகக் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. அவர் தம்பியின் மீன்பிடி வள்ளம் விடியும் முன்னே போய்விட்டதாம். மனிதர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தேர்வு நடக்கிற அலுவலகத்துக்கு வண்டியை விட்டேன்.

வாசலுக்கு எதிரே, சாலையோரக் கட்டையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கே வந்துவிட்டாராம். "பைக்கு இருந்தா திரும்பிருவேன். போன் இருந்தா தம்பி கூப்பிடுவான், சரின்னு சொல்லிருவேன். அதான் ரெண்டையும் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. புயலில் படகு விட்ட ஆள் அவர். வாட்ச்மேன் வந்து பெயரைக் கூப்பிட்டார், இந்தத் தடவையும் ஒருமையில்தான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "என்னண்ணே?" என்றேன்.

"ஃபெயிலு" என்றார். "டக்கு ராத்திரி இழுத்துட்டுப் போறப்ப எத்தன வெளக்கு எரியணும்னு கேட்டாவ. எனக்குத் தெரியாதா அது? வாய் ஒட்டிக்கிட்டு, வரல." பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "ஏலே, இத்தன வருசத்துல நான் ஒரு தடவ கூட ஃபெயிலானதில்ல பாத்துக்கோ. இன்னைக்கித்தான் மொத தடவ!" சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் போனை வாங்கி முதலில் மைனிக்குத்தான் பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரி, சோத்துக்கு வந்துருதேன்" என்று வைத்தார்.

அடுத்த முறை அவர் தேறிவிட்டார். சிராங் ஆகி, வேறொரு துறைமுகத்தில் டக் போட்டுக்குப் போய்விட்டார். இப்போது எங்களுக்கு ஓடுகிற லாஞ்சில் வேறு டிரைவர். நான் பேனாவில் எழுதுகிறேன், தப்பாகச் சொன்னால் அடித்துத் திருத்துகிறேன். ஆனால் மனிதன் ஒரே நாளில் சரியாகிவிடுவதில்லை. படகில் வாய் திறந்த எனக்கு, சென்னைப் பரீட்சைக்குப் போக அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆனது. காரணங்கள் உண்மையாகவே வந்துகொண்டிருந்தன. கடைசியில் போன மாதம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் ஆபீஸ் வேலை என்றே சொல்லிவிட்டுப் போனேன். நான்காவது தடவையும் அவள் அந்தப் பையைப் பிரித்து அடுக்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முந்தாநாள் முடிவு வந்தது. மூன்று பேப்பரில் ஒன்று போய்விட்டது. லாஞ்ச் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, "வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு எதுக்குலே போன் போடுத? போயி மொதல்ல வீட்டுல சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அடுப்படிக்குப் போனேன். மனைவி மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி நிற்கும்வரை காத்திருந்தேன். "போன மாசம் சென்னைக்குப் போனேன்லா, அது ஆபீஸ் வேலை இல்ல. பரீட்சை எழுதப் போனேன். ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன்" என்றேன். அவள் கை மிக்சி மூடியிலேயே நின்றுவிட்டது.

"உள்ள போயி எழுதினீங்களா?" என்றாள்.

"ஆமா."

"மூணு பேப்பரும்? கடைசி வரைக்கும் உக்காந்தா?"

"ஆமா."

அடுப்பை அணைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஹாலைப் பார்த்து, கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத உற்சாகத்தோடு மகளைக் கூப்பிட்டாள்.

"ஏளா, இங்க ஓடி வா. அப்பா பரீட்சை எழுதியிருக்காவ!"